பொத்தான் எந்தப் பக்கம்

இரவில் பெர்கஸ் ஆறு மண்டபத்துக்குள் வந்தது.
இரண்டாம் அடுக்கு வரை ஏறி
அங்கேயே கொஞ்சம் யோசித்து நின்றுவிட்டு
விடிவதற்குள் திரும்பிப் போனது.
அறுபத்துமூன்று இசைத்தட்டு உறைகள்.
தலைப்புகளைத் தின்ற தண்ணீர்
முகங்களை ஏனோ விட்டுவைத்திருந்தது.
தட்டுகளுக்குக் கீறல் இல்லை.
நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டும் கரைந்துபோனதால்
எது எந்த உறைக்குள் உறங்கியதென்று
தட்டுக்கே தெரியாது.

என் வேலை பெயர் எழுதுவது.
நூலகம் கொடுத்த பென்சில், நூறு அட்டை,
ஒரு பக்கம் மட்டும் சூடாகும் மின்கணப்பு.

சிலது சுலபம்.
சட்டைக் காலர் நாய்க்காதாய்த் தொங்கினால்
எழுபத்திரண்டுக்கு மேல், எழுபத்தாறுக்குள்.
கயிற்றுப் பின்னல் போட்ட கம்பளிச் சட்டை என்றால்
அமெரிக்காவில் விற்க அச்சடித்தது.
கடலோரப் பாறை, மேலே ஆளில்லை:
பாடுகிறவருக்குப் படமெடுத்தால் பிடிக்காது.
யாழும் கோபுரமும் சேர்ந்து வந்தால்
கம்பெனிக்காரன் இந்தத் தட்டைக் கேட்கவே இல்லை.

ஒன்றில் பழைய ஐரிஷ் எழுத்து.
தலைக்கு மேல் வைக்கிற புள்ளி மட்டும் மிச்சம்.
புள்ளி இருக்கிறது, மெய்யைக் காணோம்.
அதை அப்படியே அட்டையில் வைத்தேன்.

நாற்பத்தொன்றில்தான் சண்டை.
ஈரத் தெரு. மூன்று ஆண்கள்.
நடுவில் நிற்பவரின் புல்லாங்குழல்
அவருக்கு இடப்பக்கமாய் நீண்டிருக்கிறது.
கடைப்பலகைகளை மேல்விளிம்பு வெட்டிவிட்டது.

"இடக்கை ஊதுகிறவர் இந்த மாவட்டத்தில் ரெண்டே பேர்"
என்றார் தபால்கார டப்ரிடி.
"ஒருத்தர் பாதிரியார். இன்னொருத்தருக்குத் தாடி."
படத்தில் தாடியும் இல்லை, அங்கியும் இல்லை.

சலவைக்கடை மலாக்கி உறையை வாங்கி
முகங்களைப் பார்க்காமல் கோட்டுகளைப் பார்த்தார்.
நாற்பது வருடம் பிறர் கோட்டுகளைப் பார்த்த கண்.
"பொத்தான் எந்தப் பக்கம்?
மூணு ஆம்பிளைங்களும் ஒரே நாள்ல
அக்கா கோட்டை இரவல் வாங்கினாங்களா?
எங்கே இருக்கு கண்ணாடி?"

கழிவறைத் தொட்டிக்கு மேலிருந்த
புகைபிடித்த கண்ணாடி முன்னால்
நாலு பேர் தோளிடிக்க நின்றோம்.
தெரு நிமிர்ந்தது.
வங்கி இந்தப் பக்கம் கடந்து வந்தது.
கசாப்புக் கடை தன் மூலைக்குப் போயிற்று.
குழல் வலப்பக்கம் திரும்பியதும்
"மைலி ஹெஹர்!" என்று கத்தினார் டப்ரிடி,
ஏதோ அவர் கதவைத் திறந்து வந்ததுபோல.
மற்ற இருவர்?
"மழைக்கு ஒதுங்கினவங்க. அந்தப் பிடிலைப் பாரு,
பூனைக்குட்டியைத் தூக்குற மாதிரி பிடிச்சிருக்கான்."

நாலாவது ஆள் அட்ராக்டா கேஹில்.
காப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தவள்.
எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

கசாப்புக் கடைக்கு மேல் ஒரு ஜன்னல்.
திரையை விலக்கும் ஒரு கை,
ஈரத் தலைமுடி, பாதி முகம்,
கண்ணுக்குக் கீழே அந்த மச்சம்.

அறுபத்தெட்டில் பர்மிங்காமில் நர்ஸ் படிப்பு என்று
இருபது கிறிஸ்துமஸாய்ச் சொல்லிவந்தவள் அவள்.
அந்த மாடியில் அப்போது குடியிருந்தது
மலாக்கியின் அண்ணன்.

டப்ரிடி குழாயை இறுக்கி மூடினார்.
அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.
மலாக்கி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
ரொம்ப நேரம் துடைத்தார்.
"அந்த ஜன்னல்ல ஆள் இல்ல" என்றாள் அட்ராக்டா.
"எழுதிக்கோ."

எழுதினேன்:
நாற்பத்தொன்று. மைலி ஹெஹர், புல்லாங்குழல்.
படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது.
பின்னால் கசாப்புக் கடை, மாடி, ஜன்னல், திரை.
என் பென்சிலை வாங்கி
திரையை மட்டும் அடித்தாள்.

மறுநாள் கயிற்றில் எல்லா உறையும்
முகம் காட்டிக் காய்ந்தபோது
அது மட்டும் சுவரைப் பார்த்துத் தொங்கியது.
யார் திருப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்திரண்டில் ஒரு கழுதை.
அதன் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.