ஓரெழுத்து

காலையில் ஈ.சி.ஜி.
பின்னேரம் ஈ.சி.யூ.
ஓரெழுத்துத்தான் வித்தியாசம் என்று
வாட்டில் சொன்னால் ஒருத்தரும் சிரிப்பதில்லை.

உட்துறைமுக வீதியில் நிஃமத்தின் கராஜுக்குள்
பொனட் திறந்தபடி நிற்கிறது என் மஸ்டா.
எண்பத்தெட்டு மொடல். வெள்ளை.
இடப்பக்கக் கதவு மட்டும் வேறொரு வெள்ளை.
பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை,
பக்கம் புடைத்த முக்கோணங்கள் இரண்டு
கூட்டுக்குள் உருண்டு உருண்டு
இழுத்து, அமுக்கி, எரித்து, துப்பும்.
"இது எஞ்சின் இல்லை டொக்டர், ஆட்டுக்கல்லு" என்பான்.
நான் டொக்டர் இல்லை.
நூறு தரம் சொல்லியாச்சு.

ஆடி மாதம். நிலாவெளி ரோட்டில்
உப்பளம் தாண்டும்போது
'டிக்' என்று ஒன்று.
ஒன்றே ஒன்று.
முக்கோணத்தின் முனைத் தகடு முறிந்துபோயிற்று.
மற்ற எஞ்சின்கள் பத்துத் தட்டுக்குப் பொறுக்கும்,
இது ஒன்றுக்கும் பொறுக்காது.
பெற்றோலில் கலப்படமா, வெக்கையா,
பொறி முந்தி விழுந்ததா?
கேட்டோம். பழைய கணனியின் வாயில்
கொழுக்கட்டை.

இனி வேறு கணனி.
டயர் ஒன்றின் மேல் பலகை, பலகையின் மேல் மூன்று விலைத்தாள்.

அவுஸ்திரேலியப் பெட்டி ரோட்டரியோடு பழகினது.
அறைக்கு இரண்டு பிளக், முன்பொறி, பின்பொறி,
நடுவே எத்தனை பாகை, எல்லாம் கேளாமலே தெரியும்.
விலையைச் சொன்னால் கேதீசன்
குளியலறைத் தரைக்கு எத்தனை ஓடு என்று
உடனே பெருக்கிப் பார்ப்பான்.

கொழும்பில் ஒருவர் கழற்றி விற்பது நீலம், அரைவிலை.
கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறது.
பூட்டினவர் கனடாவில்.
"நல்ல வீடு, திறப்பு இல்லை" என்றான் நிஃமத்.

அவனுடைய ஆசை மூன்றாவதில்:
வெறும் பலகை, நாங்களே ஈயம் வைக்கவேண்டும்.
கிண்ணியாவில் வள்ளத்து மோட்டர்களுக்கு வைத்த கை அது, நடுங்காது.
ஆனால் இந்த உப்புக்காற்று
செம்பில் பச்சை பூக்கவைக்கும்,
அது கை பார்த்துப் பூப்பதில்லை.

மூன்று கிழமை இப்படியே போனது.
பிறகொரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வருகையில்
ரேடியோ திருத்துகிற ஜெனிஸ்டனிடம்
அலைகாட்டி ஒன்று இரவல் வாங்கி வந்தான்.
ஸ்டார்ட்டரில் சுத்தினோம்.
திரையில் பல்லுப் பல்லாய் ஓடியது கோடு.

என் தொழில் இதுதானே.
எது நோய், எது நோயாளி அசைந்தது,
எது கழன்ற வயர்
கோட்டைப் பார்த்தே சொல்லவேண்டும்.

"நிப்பாட்டு. இன்னொருக்கா."
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
இருக்கக்கூடாத ஒரு மெல்லிய முள்.
சுத்தியபோது இரண்டு தரம், அதே இடத்தில்.
எஞ்சினுடைய துடிப்பில்லை அது,
பக்கத்து வீட்டுச் சத்தம்.
பொறி வயரும் உணரி வயரும்
ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு போகின்றன.
அந்த முள்ளைப் பல் என்று எண்ணி
பொறியை முந்திப் போட்டிருக்கும் கணனி, பாவம்.

நிஃமத் கையைத் துணியில் துடைத்தான்.
துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தான்.
"அந்த வயரை இழுத்தது நான்தான்.
போன நோன்புக்கு முதல்."

வெளியே மான் ஒன்று
எங்கள் கேக் பெட்டியின் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது.

வயரைப் பிரித்துவிடலாம், அரைமணி வேலை.
என்றாலும் விலைத்தாளை எடுத்தேன், முதலாவதை.
அந்தப் பெட்டி இந்தக் கோட்டைத் தானே வரையும்,
சாவதற்கு முந்தின பத்து விநாடியைத்
தனக்குள் எழுதி வைக்கும்.

"அப்ப என்னைக் காட்டிக்குடுக்கும்" என்றான்.
"ஓம். என்னையும்.
எட்டாயிரம் தாண்டி மிதிக்கிறது ஆரெண்டு நினைக்கிறாய்?"

அதற்குத்தான் சிரித்தான்.

குளியலறை இந்த வருசமும் சீமெந்துதான்.
கேதீசனுக்கு இன்னும் சொல்லவில்லை.
அவனுடைய கோட்டையும் எனக்குப் படிக்கத் தெரியும்,
சோற்றுக்குப் பிறகு சொல்லலாம்.