நாலு கிலோ முன்னூற்றுப் பத்து

கரண்ட் இல்லாத செவ்வாய்.
மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.
பட்டறையில் கொலுசு பாலிஷ் மோட்டார் ஓடாது.
ஓடாத மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச்
சம்பளம் கிடையாது.
மூக்கனேரிக்குப் போய்விட்டேன்.

தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நைலான், ஒரு முள்,
கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு புழு.
ஐந்து வருஷமாக இதுதான்.
ஐந்து வருஷமும் ஜிலேபி, ஜிலேபி, ஜிலேபி.
உள்ளங்கை அகலம். பூனைக்குப் போதும்.

அல்லிமுத்து சாக்கு விரித்துப் படுத்திருந்தான்.
"கரையில நின்னு போட்டா கரைமீன்தான் வரும்" என்றான்
கண்ணைத் திறக்காமல்.

வெயில் இறங்கியது.
ஏரித் திட்டுகளில் கொக்குகள்
கிளைக்குச் சண்டை போட்டன.
சேர்வராயன் கறுத்தது.
அதன்மேல் ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு
கொண்டை ஊசியில் திரும்பியது,
மறைந்தது,
ஒரு முழம் மேலே மறுபடி முளைத்தது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழாவது வளைவில் நைலான் துடித்தது.
ஜிலேபி.
சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

பாதியில்
ஏரி என்னைப் பிடித்துக்கொண்டது.

வேறெப்படிச் சொல்ல?
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம்
மொத்தத் தண்ணீரும்.

ரேகை விழாத விரல்கள் என்னுடையவை.
ரேஷன் கடை மெஷின் மூன்று தரம் துடைக்கச் சொல்லும்,
பிறகு பெண்டாட்டியைக் கூட்டிவரச் சொல்லும்.
வெங்காரமும் நெருப்பும் தின்ற தோல்.
அதில் நைலான் ஒரு கோடு போட்டது,
ரத்தத்தோடு, ஆழமாக,
எனக்கென்று புதிதாக ஒன்று.

"விடுடா, அறுந்துரும்!"
"புடிடா, அறுந்துரும்!"
இரண்டையும் அல்லிமுத்துதான் கத்தினான்.

முழங்கால் தண்ணீரில் அது ஒருமுறை புரண்டது.
வாளை.
செதிலே கிடையாது, பொடி ஒட்டாத மெருகு.
கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய்,
வாய்க்குள் வரிவரியாக அரம்.
"ஏரிச் சுறாடா இது!"
சுறாவை அவன் டிவியில் பார்த்திருக்கிறான்.
நான் புட்டாக, அம்மாபேட்டை மெஸ்ஸில்.

நைலானை வாயோரம் அறுத்து,
எக்ஸெல்லில் கால் வைக்கிற இடத்தில் சாக்கோடு கிடத்தினேன்.
அஸ்தம்பட்டி சிக்னல் சிவப்பில்
என் கணுக்காலை ஓங்கி அறைந்தது.
பக்கத்து ஸ்கூட்டர்க்காரி காலைத் தூக்கிக்கொண்டாள்.

பட்டறையில் கரண்ட் வந்திருந்தது.
கட்டிவெள்ளி நிறுக்கிற தராசில்
பேப்பர் விரித்துப் போடச் சொன்னார் முதலாளி.
என் கை நாலு முன்னூறு என்றிருந்தது.
தராசு, நாலு கிலோ முன்னூற்றுப் பத்து.
பத்து கிராம் ஈரம்.
"சேதாரம் எவ்வளவுப்பா போகும்?"
எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.
முள் எங்கே மாட்டியது என்று கேட்டவர்களுக்கெல்லாம்
தாடையில் என்றேன்.

இரவு பத்தரைக்குக் குழாயடியில்
தனியாக அறுத்தபோதுதான் பார்த்தேன்.
தொண்டையில் குறுக்கே ஒரு ஜிலேபி, முழுசாக.
என் முள் அதன் உதட்டில் இருந்தது.

செல்போன் வெளிச்சத்தில் வாளையின் வாயை விரித்து
விரலை விட்டுத் தடவினேன், இரண்டு தரம்.
ஒரு கீறல் இல்லை.

எப்போது வேண்டுமானாலும் வாயைத் திறந்திருக்கலாம்.
நடு ஏரியில்.
சேறு கலங்கியபோது.
முழங்கால் தண்ணீரில் புரண்டு
என் முகத்தைப் பார்த்த பிறகுகூட.

பூங்காவனம் அண்டாவோடு வந்து நின்றாள்.
"என்ன தேடற?"
"பித்தப்பை ஒடைஞ்சிருச்சான்னு பாத்தேன்."
அவள் நம்பியதாகத்தான் தெரிந்தது.
உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்தேன்.
விரலில் அந்தக் கோடு எரிந்தது.

முள்ளைக் கழற்றிவிட்டு
ஜிலேபியை மதில்மேல் வைத்தேன்.
பூனை வழக்கம்போல வந்தது, எடுத்துக்கொண்டு போனது.
அதற்கு இன்றைக்கு ஒன்றும் வித்தியாசமில்லை.