பதினொரு சுற்று

நாலேகால் மணி, ஆண்டாப் ஹில்.
மூடியைத் தூக்கிச் சாவியை இறக்குகிறேன்.
ஐந்தடி இரும்பு. சுமந்து சுமந்து
ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பாள் முப்பிடாதி.

மூன்றாம் சாலுக்குப் பதினாறு சுற்று,
நாலாம் சாலுக்குப் பதினொன்று.
யார் போட்ட கணக்கோ.
எனக்கு முன்னால் சாவி பிடித்த தத்தாராம்
சொல்லிவிட்டுப் போனது.
தாளில் கிடையாது, மணிக்கட்டில் இருக்கிறது.

பதினாறில் விழிப்பவர்கள்
"சாவிவாலா, சாய் குடிச்சிட்டுப் போ" என்கிறார்கள்.
குடத்தை வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போகிறார்கள்.
நிறைந்தால் பக்கத்து வீட்டுக்காரி நகர்த்தி வைக்கிறாள்.

பதினொன்றில்
குடத்துக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு.
ராத்திரியே கல் போட்டு இடம் பிடிக்க வேண்டும்.
கல்லை யாரோ நகர்த்த,
தீபாவளிக்கு மறுநாள் ஒருத்தி முடி
சுரேகா கையில் கொத்தாக வந்தது.

சர்வே எடுக்க ஒரு பையன் வந்தான்.
நல்ல பையன்தான்,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்தான்.
நாலாம் சாலுக்கு நேரே
'முரட்டு ஜனம்' என்று எழுதினான்.
"பிறவிக் குணமா அண்ணா?"
நான் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் சுரேகா
மூன்றாம் சாலுக்குக் குடி மாறினாள்.
பத்தே நாள்.
அதே கை, யாருடைய குடத்தையோ நகர்த்திவிட்டு
வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டது.

அன்றைக்கு என் கையும் ஒரு மாதிரி ஆகி
நாலாம் சாலுக்கு
இரண்டு சுற்று கூடப் போட்டது.
நாலு நாள் ஒரு சத்தம் இல்லை.
ஒரு வீட்டில் யாரோ சிரித்தார்கள், அந்த நேரத்தில்.
ஐந்தாம் நாள், குன்றுக்கு மேலே
வரிசையின் கடைசிக் குடிசைகளில்
மண்டை உடைந்து போலீஸ் ஜீப் ஏறியது.

திரும்பவும் பதினொன்று.

என் வீடு இங்கே இல்லை, மான்குர்தில்.
அங்கே சாவி ஷிவ்பூஜன் கையில்.
எத்தனை சுற்று என்று நான் கேட்டதில்லை.
நேற்று சம்பள வரிசையில்
வடாபாவில் பாதியைப் பிய்த்து நீட்டியபடி சொன்னான்:
"உங்க சந்துல ஒருத்தி,
ஒரு வாளித் தண்ணிக்கு ஆளைக் கடிச்சுட்டாப்பா.
என்ன ஜென்மமோ."

சாப்பிடும்போது பார்த்தேன்.
முப்பிடாதியின் உதட்டோரம் வீங்கியிருந்தது.
"இன்னைக்கு எத்தனை குடம்?"
"ரெண்டரை" என்றாள்.
கொஞ்சம் கழித்து, குழம்பை ஊற்றிக்கொண்டே,
"அந்த அரை, கடிச்சதுல வந்தது."