ஆல்ட்டும் இரண்டும்

தோ பாயோ, இரவு பதினொன்று.
ஆல்ட்டும் இரண்டும் சேர்ந்தால் எனக்குத் தமிழ்.
வசனவரிச் செயலிக்கு
அதுவே வெட்டு.

மலாய் நாடகத்தில் அவள் சொல்கிறாள்:
நான் உன்னை மறக்க

வில்லை,
இது அடுத்த காட்சியில்,
பேருந்துக்கு நிற்கும் எவனோ ஒருவன் வாயில்.

ஹஃபீஸைக் கூப்பிட்டேன்.
போனில் எதையோ மென்றபடி,
"ரெண்டுல ஒண்ணு நகரணும் லா" என்றான்.
எது என்று சொல்லவில்லை.

அமைப்புகள். விசைகள். நூற்று நாற்பது வரி
உருட்டிக்கொண்டே போனேன்.
தமிழ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
வெட்டுக்கு மூன்று விரல் வைத்தேன்,
அதிலொன்று எட்டாத எஃப் பதினொன்று.

காலையில் இதே நாற்காலியில் பெய்லிங்,
அவளுக்கு மாண்டரின்.
திரையோரம் மஞ்சள் சீட்டு ஒட்டினேன்:
வெட்டு இடம் மாறிவிட்டது, மன்னிக்க.

அதை மட்டும்
ஆங்கிலத்தில் எழுதினேன்.