பதினான்காவது கேள்வி

கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரன்
விலை கேட்டால் விலை சொல்லவில்லை.
ஆறு பக்கம் கேள்வி அனுப்பியிருக்கிறான்.

பாகத்தின் பெயர்: பம்ப் ஹவுசிங்.
உலோகம்: வார்ப்பிரும்பு.
எடை: மூன்று கிலோ நானூறு.
மணிக்கு எத்தனை?
உற்பத்தி மேனேஜர் அறுபது என்றார்.
ஸ்டோர் ரிஜிஸ்டர் முப்பத்தெட்டு என்றது.
பென்சிலால் முப்பத்தெட்டு.

அழுக்கின் வகை?
இதுவரை யாரும் என்னிடம்
அழுக்கை வகை பிரிக்கச் சொன்னதில்லை.
கட்டிங் ஆயில், வார்ப்பு மணல், இரும்புத் துருவல்,
தொட்டவர்கள் கைரேகை.
கடைசியை அடித்துவிட்டுத்
திரும்பவும் எழுதினேன்.
அதுவும் எண்ணெய்தானே.

பதினான்காவது கேள்வி ஒரே வரி:
'சுத்தம் என்று எதைச் சொல்கிறீர்கள்?'
கீழே நாலு கோடு இடம்.

எம்.டி.யிடம் போனேன்.
"பளபளன்னு இருக்கணும்மா."
பளபளப்பு எத்தனை மில்லிகிராம் சார்?
முதுநகர்த் துறைமுகத்து ஐஸ் வியாபாரி மகன்,
கழுவுற மீனில் நழுவுற மீன்.
"நீயே பார்த்துப் போட்டுடு."
தரக்கட்டுப்பாட்டுக் கலிவரதன்,
"சென்னைக்காரன் திருப்பி அனுப்பாத அளவுக்கு."
கணக்குப் பிரிவில் தலை நிமிராமலே,
"இருபத்திரண்டு லட்சத்துக்குள்ள."

ஒரே சொல்லை
ஆளுக்கொரு குடத்தில் மொண்டு வைத்தார்கள்.

பக்கத்து ஷெட்டில் போன வருஷம்
ஒரு கேள்வியும் இல்லாமல் மிஷின் வாங்கினார்கள்.
கிரேனில் இறக்கிய பிறகுதான் தெரிந்தது
கூடையின் வாய் இரண்டு அங்குலம் சின்னது.
இப்போது அதன் தலைமேல்
டிபன் கேரியர்கள் வரிசையாய் உட்கார்ந்திருக்கின்றன.

ராத்திரி ஷிப்டில் கழுவும் இடத்துக்குப் போனேன்.
டீசல் தொட்டி, அடுத்து நீர்த்தொட்டி,
பல் உதிர்ந்த பிரஷ்.
தேசிங்கு ஒவ்வொன்றையும் அலசிக் கவிழ்த்து
சாக்கின் மேல் மூன்று தட்டுத் தட்டினான்.
பிறகு இடப்பக்கம் சாய்த்து
இன்னும் ஒன்று.
"அந்தக் கடைசித் தட்டு எதுக்கு?"
"எந்தத் தட்டு மேடம்?"

டார்ச் வாங்கி உள்ளே அடித்தேன்.
இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவில்
சுண்டுவிரல் அகலத்தில் ஒரு குருட்டுத் துளை.
போக வழி இல்லாத இடம்.
கோயம்புத்தூருக்கு அனுப்பிய வரைபடத்தில்
அது ஒரு புள்ளிகூட இல்லை.
அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்
கண் மாதிரி என்னைப் பார்த்தது.

திரும்பி வந்த பதினோரு பெட்டிகளின்
தாள்களை எடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் 'கறை.'
கறை என்றால் அழுக்கு என்று
நாங்கள் டீசலைக் கூட்டிக்கொண்டே போனோம்.
உப்பனாற்றுக் காற்று
ஒரே ராத்திரியில் போட்ட துரு அது.
கழுவிய தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன்.
எல்லாம் செவ்வாய்.

செவ்வாய் தேசிங்குக்கு வாராந்தர லீவு.

பழைய தாளைக் கிழித்துப்போட்டுப்
புதுத் தாளில் எழுதினேன்.
மிச்ச அழுக்கு, ஒரு பாகத்துக்குப் பத்து மில்லிகிராம், அதற்கு மேல் ஆகாது.
குருட்டுத் துளையில் ஈரம், இல்லை என்றால் இல்லை.
கூடை கவிழ வேண்டும், கவிழ்ந்து சாய வேண்டும்.
சோதனை எங்கள் போர்வெல் தண்ணீரில்,
எங்கள் ஷெட்டில், ஜன்னல் திறந்து.
மூன்று நாள் துரு வராவிட்டால் மிச்சப் பணம்.
நாலு கோடு போதவில்லை,
ஓரத்தில் ஏறிப் போனது எழுத்து.

பத்தொன்பது: கூடை ஏற்றும் உயரம்?
டேப்பை இழுத்துத்
தரையிலிருந்து தேசிங்கின் இடுப்புவரை அளந்தேன்.
"மிஷினுக்கு எதுக்கு மேடம் என் இடுப்பு?"
அசையாதே என்றேன்.
தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
அதை மட்டும் பேனாவால்.

கடைசிப் பக்கம் கடைசிக் கேள்வி:
'தற்போது இந்த வேலை எவ்வாறு நடக்கிறது?'

கையால்.
மூன்று தட்டு, சாய்த்து ஒன்று.
செவ்வாய் நீங்கலாக.