எரியாத விறகு

தண்டர் பே. அக்டோபர் கடைசி.
கதவைத் திறந்ததும் கலெர்வோ ஹியெதலா சொன்னார்:
"கண்ணாடி கறுத்துப்போச்சு,
துடைத்துக் கொடுத்தால் போதும்."

இரண்டடி உள்ளே வைத்தேன்.
என் இடுப்பு மீட்டர் சிணுங்கியது.

கோட்டைக் கையில் திணித்து
அவரை வாசலுக்கு அனுப்பினேன்.
நீலமாய் நிற்க வேண்டிய சுடர்
மஞ்சளாய், சோம்பலாய் நக்கிக்கொண்டிருந்தது.
வால்வை மூடினேன்.
ஜன்னல்களைத் திறந்தேன், எல்லாவற்றையும்.
ஏரிக்காற்று திரைச்சீலையைப் பிடித்து உலுக்கியது.

அதன்பின் பேச்செல்லாம் ஜன்னல் வழியாகத்தான்.

"அலாரம் எங்கே?"
"மேசை இழுப்பறையில். ராத்திரி மூணு தடவை கத்திச்சு.
மனுஷன் தூங்க வேண்டாமா?"
குப்புறக் கிடந்தது.
பேட்டரிகள் தனியே, ரப்பர் பேண்டு சுற்றி.

"தலைவலி?"
"திங்கட்கிழமையிலிருந்து. குளிர்தான்."

ஆறியபின் கண்ணாடியைக் கழற்றினேன்.
ஓரத்து அடைப்புக் கயிறு நைந்திருந்தது.
பீங்கான் விறகின் இடுக்கில் பைன் காய்கள்,
ஏழோ எட்டோ,
பாதி வெந்து, பிசின் ஒழுகி.

"வாசமே இல்லையே அந்த நெருப்புக்கு,"
வெளியே நின்றபடி, கொஞ்சம் வெட்கத்தோடு.

வாசம் தேடியவர் வீட்டுக்கு
வாசமே இல்லாத ஒன்று வந்து
அவர் நாற்காலிக்கு எதிரே
நான்கு நாளாய் உட்கார்ந்திருக்கிறது.
இதை நான் சொல்லவில்லை.
கயிறு மாற்றும்வரை பற்றவைக்கக் கூடாதென்று
சிவப்புச் சீட்டு கட்டினேன்.
அலாரத்துக்குப் பேட்டரி போட்டேன்.
ஒரு தடவை கீச்சிட்டது,
கோபம் தீராதது போல.

மருத்துவமனைக்கு என் வண்டியிலேயே.
வழியில் கோட்டுப் பையைத் துழாவி
எரியாத காய் ஒன்றை எடுத்து
ஹீட்டர் முன்னே வைத்தார், கேட்காமலே.
ஆர்தர் தெரு சிக்னலில் நிற்கையில்
வண்டி முழுக்கக் காடு.