முட்டையில் தேதி

டொங்காட்டில் ஆறு மணிக்கு மின்வெட்டு.
ஐந்தரைக்கே தண்ணீர் கொதிக்கிறது.

எங்களுக்கு நான்கு கோழிகள்.
ஒன்றுக்குத்தான் பெயர்: மேடம்.
ஒரு முட்டை இட்டுவிட்டுத் தெருவையே கூட்டுவாள்.

கழுவமாட்டேன், கழுவினால் சீக்கிரம் கெடும்.
கூர்முனை கீழே இருக்க அடுக்கி
பென்சிலால் தேதி போடுவேன்.

மோர்கனுக்குப் பொறுமை கிடையாது.
இன்று காலை இட்டது, இன்னும் தேதிகூடப் போடாதது,
அதைப் போய் பானையில் போட்டுவிட்டான்.
உரிக்க உரிக்க
ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது.
அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஒரு முட்டை.
"மேடம் சரியில்லை" என்கிறான்.

நான் பதினொன்றாம் தேதியை எடுத்தேன்.
அன்றுதான் என்னைக் கேட்காமல்
தம்பிக்குக் காரைத் தூக்கிக் கொடுத்தான்.
நான்கு நாள் பேச்சில்லை;
பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது.
சுவரில் ஒரு தட்டு,
விரலுக்கடியில் சவ்வு நழுவி
ஓடு இரண்டே துண்டாய்க் கழன்றது.
இருட்டில் உப்பைத் தேடியவன்
என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கார் எங்கே?"

"நாளைக்கு வந்துவிடும்,"
வாய் நிறைய மஞ்சள்கரு.